ஆறு மணி நேர ஆப்பரேஷனுக்குப் பிறகு அப்பாவின் விரல் மரத்துப்போனது யார் தவறு?

தங்கை, நீங்கள் எழுதியதை ஒருமுறை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் உங்கள் அப்பாவுக்கு வயது 56. பத்து வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்), அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆப்பரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் வலது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்திருப்பதைச் சொன்னார். இப்போது ஆறு வாரம் ஆகிறது. மரமரப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் பாராங் கத்தியைப் பிடித்தால் நழுவுகிறது. "மேஜையில் கையைக் கட்டிப் போட்டார்கள், அதனால்தான்" என்கிறார் மாமா. "படுத்திருந்ததில் நரம்பு அழுந்திவிட்டது, தானாகச் சரியாகும்" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தவறு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் "அப்பா எப்போது வேலைக்கு வருவார் என்று மண்டோர் கேட்கிறார்" என்று தோட்டத்து மேஸ்திரியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கவலைதான் பெரியது என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நோயாளி மயங்கிய பிறகு அவர் கை கால் தலையை எப்படி வைப்பது, எங்கே மெத்தை கொடுப்பது என்பதுதான் பல வருடமாக என் வேலை. அதாவது நான் அந்தப் பக்கத்து ஆள். தவறு பற்றி நான் சொல்வதைப் படிக்கும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவின் கையை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து.

முதலில் எந்த நரம்பு என்று பார்ப்போம். சுண்டுவிரல் முழுக்கவும், மோதிர விரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதி மட்டும் மரத்திருந்தால் அது அநேகமாக அல்நார் நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்குமே, அதே நரம்பு. முழங்கையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே போகிறது. புறங்கையில் சுண்டுவிரல் பக்கமும் மரத்திருந்தால் அழுந்திய இடம் மணிக்கட்டு இல்லை, அதற்கு மேலே, பெரும்பாலும் முழங்கை. முன்கையின் உட்பக்கமும் சேர்ந்து மரத்திருந்தால் கதை வேறு: கழுத்திலிருந்து தோள் வழியாக வரும் நரம்புக் கற்றை இழுபட்டிருக்கலாம். இதை வீட்டிலேயே ஒரு பஞ்சால் தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பலத்தைப் பார்க்க ஒரு ரிங்கிட் நோட்டு போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே நோட்டை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி நீங்கள் இழுங்கள். நழுவவிடாமல் பிடிக்கக் கட்டைவிரல் நுனியை மடக்குகிறார் என்றால் அல்நார் நரம்பு வேலை கொடுக்கும் தசை தளர்ந்திருக்கிறது. மறு கையிலும் செய்து ஒப்பிடுங்கள்.

இனி மாமா சொன்னது. கையைக் கட்டினார்களா? ஒரு வகையில் ஆமாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. மலக்குடல் ஆப்பரேஷனில் இரண்டு காலையும் தாங்கியில் தூக்கி விரித்து வைப்பார்கள், தலைப்பக்கம் மேஜையைக் கீழே சாய்ப்பார்கள். மருத்துவர்கள் இரு பக்கமும் நெருங்கி நிற்க வேண்டும் என்பதால் கைகளை விரித்து வைக்க இடமிருக்காது. நோயாளியின் முதுகுக்கு அடியில் குறுக்கே ஒரு துணி போட்டு, கையை உடம்போடு ஒட்டி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி வைத்து, அந்தத் துணியால் சுற்றி உடம்புக்கு அடியில் செருகுவோம். முழங்கைக்கு நுரையோ ஜெல் மெத்தையோ கொடுப்போம். கட்டாமல் விட்டால் கை மேஜை ஓரத்துக்கு நழுவி இரும்பு விளிம்பில் கிடக்கும், அது இன்னும் மோசம். கையை விரிக்க இடமிருக்கும் ஆப்பரேஷன்களில் 90 பாகைக்கு மேல் விரிக்காதே, உள்ளங்கை மேலே பார்க்கட்டும் அல்லது உடலை நோக்கி இருக்கட்டும் என்பது விதி. அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர் சங்கம் 2000இல் இதையெல்லாம் எழுத்தாக வெளியிட்டு, 2011இலும் 2018இலும் புதுப்பித்தது.

சரி, விதியை ஒழுங்காகச் செய்தாலும் என்ன தப்பு நடக்கும்? சாதாரணமாக மனிதன் தூக்கத்தில்கூடக் கை மரத்தால் புரண்டு படுக்கிறான். மயக்கத்தில் அது இல்லை, தசையும் தளர்ந்திருக்கும். நரம்புக்கு உள்ளே மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அழுத்தமோ இழுப்போ நீண்ட நேரம் இருந்தால் அவற்றில் ரத்தம் ஓடாது. நடுவில் ரத்த அழுத்தம் இறங்கினால், உடம்பு குளிர்ந்தால் நிலைமை இன்னும் கெடும். துணியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். தலை சாய்ந்ததில் உடம்பே மேலே வழுக்கியிருக்கலாம். வெளியில் யாரும் பேசாத ஒன்றும் உண்டு: பச்சைத் துணி போர்த்திய பிறகு கை யார் கண்ணுக்கும் தெரியாது. ஐந்தாவது மணி நேரத்தில் கால் வலிக்கும் உதவி மருத்துவர் தன்னை அறியாமல் நோயாளியின் கைமேல் இடுப்பைச் சாய்த்து நிற்பார். "டாக்டர், கை, கை" என்று சொல்வதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி.

இதே மேஜையில் வேறு நரம்புகளும் மாட்டிக்கொள்ளும். கால் தாங்கியில் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் அழுந்தினால் பாதம் தொங்கிவிடும், நடக்கும்போது விரல் தரையில் இடறும். காலைத் தூக்கி வைத்த ஆப்பரேஷன் நீள நீள இந்த ஆபத்து ஏறும். மெலிந்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் கூடுதல். குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பு ஆப்பரேஷன் செய்தால் இடுப்பு மெத்தை அழுந்தித் தொடையின் வெளிப்பக்கம் மரக்கலாம். தோளைத் தாங்க வைக்கும் கட்டைகளால் தோள் நரம்புக் கற்றை இழுபடலாம். உங்கள் அப்பாவுக்குக் கால் நன்றாக இருப்பதால் இதோடு விடுகிறேன்.

தவறு யாருடையது என்ற கேள்விக்கு நேரடியாக வருகிறேன். தொங்கிய பாதம் என்றால் தாங்கி எங்கே அழுத்தியது என்று பல சமயம் விரலால் தொட்டே காட்டிவிடலாம். அல்நார் நரம்பு அப்படி இல்லை. ஆப்பரேஷனுக்குப் பின் வரும் நரம்புக் கோளாறுகளில் அடிக்கடி பேசப்படுவதும் இதுதான், காரணத்தைப் பிடிக்க முடியாமல் நழுவுவதும் இதுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1,502 நோயாளிகளை ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து பார்த்து 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு பேருக்கு இந்தக் கோளாறு வந்தது, அதில் ஆறு பேர் ஆண்கள். முதல் இரண்டு நாளில் ஒருவருக்குமே அறிகுறி இல்லை. இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் தொடங்கியது. மேஜையில் அழுந்தியதுதான் காரணம் என்றால் கண் விழித்ததுமே தெரிந்திருக்க வேண்டாமா? அதே குழுவினர் பிறகு ஆப்பரேஷனே இல்லாமல் வார்டில் படுத்திருந்த நோயாளிகளையும் பார்த்தார்கள். அவர்களிலும் சிலருக்கு வந்தது.

ஆகவே வார்டையும் யோசிக்க வேண்டும். வயிற்றில் தையல், கையில் டிரிப், வலிக்கு மார்ஃபின். இப்படிப் படுத்திருக்கும் மனிதர் முழங்கையை மடக்கிக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே கிடப்பார். மேலே ஏறிப் படுக்க முழங்கையை ஊன்றி உந்துவார். மடக்கினாலே அந்த நரம்பு இழுபடும், ஊன்றினால் நசுங்கும். மூன்றாம் நாள் என்று நீங்கள் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்துகிறது. ஆனால் இதை வைத்து ஆஸ்பத்திரிக்கு நற்சான்று கொடுத்துவிட மாட்டேன். முதல் இரண்டு நாள் மார்ஃபினில் அரைத்தூக்கமாக இருந்தவர் இரண்டு விரல் மரத்ததைக் கவனித்திருக்க மாட்டார் என்பதும் அதே அளவு நியாயம். விழித்திருந்த ஆண்களின் முழங்கையை அழுத்திச் சோதித்தபோதே, நரம்பில் ஓடும் சைகை குறைந்த பிறகும் சிலர் ஒன்றும் உணரவில்லை. வார்டில் நோயாளியின் கையைக் கவனிக்க வேண்டியதும் ஆஸ்பத்திரிதான், அதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது சாத்தியம்தான் தோட்டத்து ஆட்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த முழங்கை மேஜைக்கு வரும்போதே எந்த நிலையில் வந்தது? நீண்ட கம்பில் அரிவாளைப் பூட்டி அண்ணாந்து குலையை இழுத்து வெட்டுவது, விழுந்த குலையைக் கொக்கியில் குத்தித் தள்ளுவண்டியில் ஏற்றுவது, எல்லாமே முழங்கையை மடக்கி நீட்டி இறுக்கிப் பிடிக்கும் வேலை. அதோடு பத்து வருட இனிப்புநீர். இனிப்புநீர் நரம்பை மெல்ல மெல்லப் பலவீனமாக்கிவிடும்; ஏற்கனவே நைந்த கயிறு கொஞ்சம் இழுத்தாலே அறுவது மாதிரி, நல்ல நரம்பு தாங்கும் அழுத்தத்தை அது தாங்காது. 2019இல் நம் மலேசியச் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, இந்தியர்களிடம்தான் அதிகம். ஆப்பரேஷனுக்குப் பின் விரல் மரத்தவர்களின் மறு கையைச் சோதித்துப் பார்த்த 1987ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பெரும்பாலோருக்கு நோவே இல்லாத அந்தக் கையிலும் நரம்பு மந்தமாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கு முன்பே விடியற்காலையில் சுண்டுவிரல் மரத்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள். "அது எப்பவும் உள்ளதுதான்" என்று சொன்னாலும் சொல்வார்.

ஆக, தவறு பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நரம்பு கெட்டது என்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று முடிவு கட்ட முடியாது, இது யாருக்கும் வருவதுதான் என்று கையை விரிக்கவும் ஆஸ்பத்திரிக்கு உரிமையில்லை. கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன. மயக்க மருந்துப் பதிவேட்டில் கை எப்படி வைக்கப்பட்டது, எங்கே மெத்தை கொடுக்கப்பட்டது, இடையில் சரிபார்த்தார்களா, ரத்த அழுத்தம் எப்போது எவ்வளவு நேரம் இறங்கியது என்றெல்லாம் இருக்க வேண்டும். அழுந்தும் இடங்களுக்கு மெத்தை கொடுக்கப்பட்டது என்ற ஒரு வரி எல்லாப் பதிவேட்டிலும் இருக்கும், அதை மட்டும் வைத்து நான் எதையும் நம்பமாட்டேன். அப்புறம் வார்டு நர்ஸ் குறிப்பு: மரத்துவிட்டது என்று அப்பா முதலில் சொன்ன தேதியும் நேரமும் அதில் இருக்கிறதா? மருத்துவ அறிக்கை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் தருவார்கள். புகார் என்றால் ஆஸ்பத்திரியின் பொதுமக்கள் தொடர்புப் பிரிவு. தனியார் என்றால் அவர்களுக்கும் புகாரைக் கேட்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்கு வரை யோசிப்பதானால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எதிராக 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு மேல் வழக்கறிஞர் வேலை, என் வேலை இல்லை.

இப்போது கை. நரம்புக் காயத்தை 1943இல் செடன் என்ற மருத்துவர் மூன்று படியாகப் பிரித்தார், இன்றும் அதுதான் நடைமுறை. முதல் படியில் நரம்பின் உறை மட்டும் நலிந்திருக்கும், உள்ளே இழை நன்றாக இருக்கும். சில நாளில் தொடங்கிச் சுமார் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும். இரண்டாம் படியில் இழை அறுந்திருக்கும், வெளிக்கூடு மிஞ்சியிருக்கும். இழை மறுபடி வளர வேண்டும், வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசை வரை தூரத்தை அளந்து பாருங்கள், பத்து மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்பது புரியும். மூன்றாம் படி, நரம்பே துண்டாவது. படுத்ததால் அப்படி ஆவது மிக அரிது. நான் சொன்ன மேயோ ஆய்வில் ஏழு பேரில் நாலு பேருக்கு ஆறு வாரத்துக்குள் சரியானது, மூன்று பேருக்கு இரண்டு வருடம் கழித்தும் மிச்சம் இருந்தது. மரமரப்பு மட்டும் என்றால் காத்திருக்கலாம் என்பேன். ஆறு வாரம் கழித்தும் பிடி நழுவுகிறது என்பதால், தானாகச் சரியாகும் என்று வீட்டில் உட்காருவதை நான் ஒப்பமாட்டேன்.

நரம்புக் கடத்தல் சோதனையும், தசையின் மின்சைகையைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையும் கேளுங்கள். எங்கே அழுந்தியது, எந்தப் படி என்று அது காட்டும். காயம் பட்ட முதல் சில நாளில் இந்தச் சோதனையை எடுத்திருந்தால் பழைய சேதம் இருந்ததா என்று தெரிந்திருக்கும், ஏனென்றால் புதுச் சேதம் தசையில் பதிவாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்த வாய்ப்பு போய்விட்டது. ஆனாலும் இரண்டு கையையும் சேர்த்துச் சோதித்தால் இனிப்புநீரின் பங்கு ஓரளவு தெரியும். எலும்பு மருத்துவப் பிரிவுக்கோ நரம்பியலுக்கோ கடிதம் வாங்க கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) கேட்டாலும் போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் புறங்கைச் சதை பள்ளம் விழத் தொடங்கியிருந்தால் அதைச் சொல்லி அவசரப்படுத்துங்கள். நரம்பு வந்து சேர்வதற்குள் தசை வெகுநாள் சும்மா கிடந்தால் பிறகு எழும்பாது. மூன்று நாலு மாதத்தில் முன்னேற்றமே இல்லை என்றால் முழங்கையில் அந்த நரம்பின் இறுக்கத்தைத் தளர்த்தும் சின்ன ஆப்பரேஷன் பற்றி நிபுணர் பேசக்கூடும். அது அவர் கையைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். இரவில் முழங்கை மடங்கக் கூடாது. ஒரு துவாலையைத் தளர்வாகச் சுற்றி ஒட்டுப்பட்டை போட்டுவிடுங்கள், கையை மடங்காமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட் கிடைத்தால் நல்லது. நாற்காலிக் கையில், காரில் போகும்போது ஜன்னலில் என்று எங்கும் முழங்கையை ஊன்ற வேண்டாம். பிசியோவில் சொல்லும் விரல் பயிற்சி தினமும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியே இறுகிவிடாமல் மறு கையால் நீட்டிவிட வேண்டும். பாட்டி முறையில் சூடான ஒத்தடம், வெந்நீர்ப் பை, கொதிக்கும் எண்ணெய்த் தடவல், இவை வேண்டவே வேண்டாம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இனிப்புநீர்க்காரருக்கு அந்தப் புண் ஆறுவது தனிப் போராட்டம். முழங்கைக்குப் பின்னால் அழுத்தி உருவிவிடும் வேலையும் வேண்டாம், அழுந்திய நரம்பை மேலும் அழுத்துவதில் என்ன லாபம்?

மருந்துக்கடையில் எல்லோரும் நியூரோபியான் என்ற வைட்டமின் பி மாத்திரை வாங்குகிறார்கள், நீங்களும் வாங்கியிருப்பீர்கள். அழுந்திய நரம்பை அது வேகமாக வளர்க்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆனால் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது உண்மை, அதனால் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் ஈடு செய்வது அவசியம். சான்று இல்லையே என்று சொன்னாலும் ஒன்றுக்கு இரண்டாகப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள பி6 அதிகமாகி மாதக்கணக்கில் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். எரிச்சலும் குத்தலும் தூக்கத்தைக் கெடுத்தால் அதற்குத் தனி மாத்திரை உண்டு, டாக்டர்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன். பழைய தோட்டத்து டிரெசர்கள் (தோட்ட மருத்துவ உதவியாளர்கள்) சுண்டுவிரல் மரத்த யாரைப் பார்த்தாலும் முதலில் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பார்கள். தொழுநோய்க்கும் பிடித்த நரம்பு இதுதான். சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு 1930இல் திறந்த காலத்துப் பழக்கம் அது, ஆனால் நோய் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. உங்கள் அப்பாவுக்குக் காலக்கணக்கு தெளிவாக இருப்பதால் இது அநேகமாக இல்லை. உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளுத்த தேமல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். அதே மாதிரி, மரமரப்பு மேலே ஏறினாலோ மறு கைக்கும் காலுக்கும் பரவினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, முகம் கோணினாலோ அது அழுந்திய நரம்பு இல்லை. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மண்டோருக்கு என்ன சொல்வது? கம்பை இறுக்கிப் பிடிக்கும் பலத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு விரலுடையது. பிடி நழுவும் கையில் அரிவாள் பூட்டிய கம்பைக் கொடுத்து மரத்துக்குக் கீழே நிறுத்துவது அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடிந்துவிட்டால் லைட் டியூட்டிக்கு டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். உதிரிப்பழம் பொறுக்குவது, நர்சரி என்று ஏதாவது இருக்கும். வருமானம் குறையும், அதை நான் மறைக்கவில்லை. புற்றுநோய்க்கு மேல்சிகிச்சை எப்படியும் சில மாதம் ஓடும், கீமோ இருந்தால் முன்கூட்டியே கையைப் பற்றிச் சொல்லுங்கள். குடல் புற்றுக்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தே விரல்களை மரக்கவைக்கும், அப்புறம் எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போகும். நோயும் கையும் சேர்ந்து வேலைக்கே திரும்ப முடியாத நிலை வந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் இயலாமைத் திட்டம் இருக்கிறது. 60 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், சந்தாக் கணக்கையும் பார்ப்பார்கள். அப்பாவுக்கு 56 என்பதால் இப்போதே ஈப்போ அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்து வையுங்கள். நரம்புச் சோதனை அறிக்கை வந்ததும், பெயரையும் அடையாள எண்ணையும் மறைத்துவிட்டு இங்கே பதிந்தால், எந்தப் படி என்று எனக்குத் தெரிந்தவரை படித்துச் சொல்கிறேன்.